வேளிக் காயலுக்கு நாள் குறித்தது

கடலைப் பற்றி நான் அறிந்தவை அனைத்தும் பாசுரங்களின் வழியே வந்தவை. அங்கே கடல் கடையப்படும், அளக்கப்படும், அதன்மேல் பாம்பணை விரிக்கப்படும். ஞாயிற்றுக்கிழமை மாலை மூன்றரை மணிக்கு அது என்ன செய்யும் என்று எந்த அடியாரும் பாடி வைக்கவில்லை. பணி ஓய்வு பெற்ற மறு ஆண்டில், இரண்டாயிரத்தின் தொடக்கத்தில், அந்தக் குறையை நானே தீர்க்கப் புகுந்தேன்.

காரணம் என் மனைவி. சிறுமியாக இருந்தபோது தாமிரபரணிப் படித்துறையில் வழுக்கி நீரோடு இழுபட்டு, பின்னலைப் பிடித்துக் கரையேற்றப்பட்டவள். அதன்பின் எந்தத் தோணியிலும் கால் வைத்ததில்லை. நான் எத்தனையோ ஆண்டுகள் அழைத்தும் மறுத்தவள், ஒருநாள் வலியசாலைக் கோயிலிலிருந்து திரும்பும்போது, கடலை ஒட்டிய வேளிக் காயலில் தோணி ஏறத் திடீரென்று இசைந்தாள்.

"ஒரே ஒரு தடவை வரேன். மழை வரப்படாது, தோணி ஆடப்படாது. ஒண்ணு தப்பினாலும் அப்புறம் ஜன்மத்துக்கும் என்னைக் கூப்பிடப்படாது. கேட்டேளா?"

கேட்டேன். அன்றே கருவிகள் சேர்க்கத் தொடங்கினேன்.

வானொலியில் மீனவர்களுக்கான அறிவிப்பு வரும். அது கடலுக்குப் போகலாமா என்று சொல்லும். மனைவியோடு போகலாமா என்று சொல்லாது. சாலைக் கடைத்தெருவில் பித்தளை விளிம்பிட்ட காற்றழுத்தமானி ஒன்று வாங்கினேன். கண்ணாடியை மெல்லத் தட்டிவிட்டுத்தான் முள்ளைப் பார்க்க வேண்டும் என்றார் கடைக்காரர். நானோ, முள் எனக்கு வேண்டிய பக்கம் நகரும்வரை தட்டினேன். வெள்ளிக்கிழமையன்று மனைவி அதற்கும் ஒரு குங்குமப் பொட்டு இட்டாள். அதை நான் பக்தி என்றே எடுத்துக்கொண்டேன். தம்பானூரில் ஓர் இணைய மையத்தில் கடல் ஏறி இறங்கும் நேரங்களின் அட்டவணை கிடைத்தது. ஆனால் அது கொச்சிக்கு உரியது. நம் ஊருக்கு எவ்வளவு கழிப்பது என்று தெரியாமல், ரயில் நேரத்தை வைத்து ஏதோ ஒன்றைக் கழித்தேன்.

இறுதியில் பஞ்சாங்கத்தையே தேர்ந்தேன். அமாவாசை, பௌர்ணமியில் ஏற்றம் மிகுதி. அஷ்டமியை ஒட்டி அடக்கம். ஆனால் அஷ்டமியன்று நான் வெற்றிலைகூடப் புதிதாக வாங்குவதில்லை. எனவே கடலுக்கும் சாஸ்திரத்துக்கும் பொதுவாகத் தசமியைக் குறித்தேன். ஞாயிறு, நாலரைக்கு ராகு காலம் தொடங்குமுன் மூன்றரைக்குத் தோணி ஏறுவது. இவ்வளவு நுட்பமான முடிவை நான் அலுவலகத்தில் ஒருநாளும் எடுத்ததில்லை.

வேளிக் காயல் கரையில், தமிழும் மலையாளமும் கலந்து பேசும் தோணிக்காரரிடம், "இப்போது ஏற்றம் மெதுவாகத்தானே இருக்கும்?" என்று, விடை தெரிந்தவனின் தோரணையில் கேட்டேன்.

"ஏற்றமா? சாரே, பொழி அடைஞ்சு ரெண்டாழ்ச்சையாச்சே!"

அவர் கைகாட்டிய இடத்தில், காயல் கடலில் கலக்கும் வாயை இரண்டு வாரமாக அடைத்தபடி உலர்ந்த மணல்திட்டு கிடந்தது. அதன்மேல் சிலர் பந்தாடிக்கொண்டிருந்தார்கள்.

"மழை வந்து பொழி முறியணும். அது வரைக்கும் கடல் எத்தனை ஏறினாலும் இங்கே ஒரு சொட்டு வராது."

கடல் எப்போது ஏறும் என்று நாலு இடத்தில் விசாரித்தவன், இங்கே வருமா என்று ஓரிடத்திலும் விசாரிக்கவில்லை.

"ஆனா காத்து உண்டு சாரே. உச்சை கழிஞ்சா கடல்காத்து பிடிக்கும், தோணி நல்லா ஆடும். இந்த நேரத்தை யாரு சொல்லித் தந்தது?"

"ரேடியோ, கம்ப்யூட்டர், பித்தளை யந்திரம், பஞ்சாங்கம்னு நாலு பேர் சேர்ந்து சொன்னாப்பா" என்றாள் மனைவி.

காயலில் அலை சிறு சிறு மடிப்பாக எழுந்துகொண்டிருந்தது. கிடைத்த ஒரு வாய்ப்பும் போயிற்று என்று பேருந்து நிற்கும் திசையில் திரும்பினேன். அவள் திரும்பவில்லை.

"ஏம்ப்பா, உங்கம்மாவை ஏத்திண்டு போறதுன்னா எப்போ போவே?"

"காலையிலே ஏழரைக்கு. காயல் அனங்காது. தட்டிலே ஊத்தின எண்ணெய் மாதிரி கிடக்கும்."

"சரி, நாளைக்கு வரோம்."

"நாளை திங்கள், ஏழரை ராகு காலம்" என்றேன். "தவிர, ஒன்று தப்பினால் கூப்பிடக் கூடாது என்று நீதானே..."

"நீங்க என்னைக் கூப்பிடப்படாதுன்னேன். இப்போ நான்னா உங்களைக் கூப்பிடறேன்?"

மறுநாள் ராகு காலம் பிறந்த வேளையில் தோணி ஏறினோம். முதல் அடி வைக்குமுன் அவள் தயங்கியதைத் தோணிக்காரரும் கண்டார். பலகையை அழுத்திப் பிடித்துக்கொண்டார். நடுக்காயலை அடைந்ததும் அவள் விரல் நுனியை நீரில் வைத்தாள், பிறகு உள்ளங்கையை. ஓரங்கள் இரண்டையும் பற்றியபடி நான் அமர்ந்திருந்தேன்.

"அந்தத் தென்னந்தோப்பு வரைக்கும் போலாமா?" என்று அவள் கேட்டாள். என்னை அல்ல.

தோணிக்காரர் மரியாதைக்கு என் பக்கம் திரும்பினார். "சாரே, போகட்டா?"

"அம்மாவைக் கேளுங்கள்" என்றேன்.