சின்ன ராணியின் பின் ஜன்னல்

அந்தக் காரை ஜனங்கள் ராணி என்றுதான் சொன்னார்கள். டாக்டர் வைத்திருந்தார், மில் முதலாளி வைத்திருந்தார். மற்றவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். குமாஸ்தாவும் வாத்தியாரும் வாங்கும் விலையில் அதையே செய்து விற்க வேண்டும் என்று கம்பெனிக்கு ஒருநாள் ஆசை வந்தது. பெயர் சின்ன ராணி. தொழிற்சாலைக்குள் அதற்கு ஏழை ராணி என்று பட்டம் கட்டினார்கள்.

எதை எடுப்பது என்று கூட்டம் போட்டார்கள். கடிகாரம் போயிற்று, பளபளக்கும் பட்டைகள் போயின, சாம்பல் கிண்ணம் போயிற்று. விலை இன்னும் இறங்குவேனா என்றது. அப்போதுதான் கதவு பொருத்தும் பிரிவின் மூத்த தொழிலாளி வாயைத் திறந்தார். அன்றைக்கு அவர் நாக்கில் சனி உட்கார்ந்திருந்தது.

"பின் கதவுல கண்ணாடிய ஏத்தி இறக்குற கைப்பிடி எதுக்கு சார்? கண்ணாடிய அப்படியே பதிச்சுடலாம். பின்னாடி உட்கார்றது பொம்பளைங்களும் பிள்ளைங்களும்தானே, அவங்க என்ன கேக்கப் போறாங்க?"

கூட்டமே சிரித்தது. மேனேஜர் அவருடைய தோளில் தட்டினார். முதல் வண்டியை வீட்டுக்கு ஓட்டிப்போய், குடும்பத்தை ஏற்றிப் பார்த்துவிட்டு வந்து சொல்லும்படி சாவியைக் கொடுத்தார். ஃபோர்மேன் பதவியும் அந்தச் சாவியோடு சேர்ந்தே தொங்கியது.

தொழிலாளியின் மனைவிக்கு மூடிய வண்டி என்றாலே குமட்டும். பஸ்ஸில்கூட ஜன்னல் சீட் கிடைத்தால்தான் ஏறுவாள். அது அவருக்குத் தெரியாததல்ல. அதனால்தான் கிளம்பும் முன்பே சொல்லிவைத்தார்: "மேனேஜர்கிட்ட நல்லா இருக்குன்னு சொன்னாத்தான் எனக்கு மேல போக வழி."

முன் சீட்டில் அவருடைய அப்பா. பின்னால் மனைவியும் மகளும். நல்ல வெயிலில் அவள் அண்ணன் வீடு வரை போனார்கள். பாதி வழியிலேயே அவள் துண்டை வாயில் அழுத்திக்கொண்டாள்.

"எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்குங்க."

மறுநாள் மேனேஜரிடம், "வீட்ல ஒரு குறையும் சொல்லல சார்" என்றார். பொய் இல்லைதான். இப்படிப்பட்ட உண்மைகளைச் சொல்லித்தான் மனிதன் பதவிக்கு வருகிறான்.

சின்ன ராணியை ஜனங்கள் போட்டி போட்டுக்கொண்டு வாங்கினார்கள். அவரும் ஃபோர்மேன் ஆனார். அதற்குப் பிறகு தெருவில் நடப்பதே பெரும்பாடாகிவிட்டது. எந்தச் சின்ன ராணி கடந்துபோனாலும் கண் பின் ஜன்னலுக்குத்தான் போகும். முன்னால் ஒருவர் முழங்கையை வெளியே நீட்டிக் காற்று வாங்கிக்கொண்டு வருவார். பின்னால் ஒருத்தி வியர்த்து வழிய, மடியில் பிள்ளையோடு, செய்தித்தாளால் விசிறிக்கொண்டு வருவாள். எல்லாம் என் வாயால் வந்த வினை என்று நினைத்துக்கொள்வார்.

கடைசியில் மேனேஜரிடமே போய் நின்றார். "அந்தக் கைப்பிடியத் திரும்பப் போட்டுடலாம் சார். பின்னாடி உட்கார முடியல, மூச்சு முட்டுது."

"யாரு சொன்னா? உங்க வீட்லயே ஒரு குறையும் இல்லன்னீங்களே."

"அவளையே கூட்டிட்டு வரேன் சார். அவ வாயால கேளுங்க."

மேனேஜர் சிரித்தார். "கூட்டிட்டு வாங்க."

வீட்டில் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் அவள் முன்னால் போய் நின்றார்.

"நாளைக்கு நீ தொழிற்சாலைக்கு வரணும். சின்ன ராணியப் பத்தி மேனேஜர் உங்கிட்ட கேப்பாரு."

"வரேங்க." அவருடைய சட்டையின் கையை நீவி மடித்தாள். "இந்தத் தடவை என்ன சொல்லணும்?"

குத்திக்காட்டிக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அவள் அடுத்த சட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு, அவர் சொல்லட்டும் என்று காத்திருந்தாள்.