அக்கா கடை போர்டும் ஒரு பழைய கேபிளும்

அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையோரம், என் அக்கா இட்லிக் கடை வைத்திருக்கிறாள். கடையின் நெற்றியில் சிவப்பு எழுத்து ஓடும் எல்.இ.டி. போர்டு. அதில் எழுத்தை மாற்றுவது என் பொறுப்பு. செங்கம் ரோட்டில் நான் ஜெராக்ஸ் கடை நடத்துவதால், கரண்டில் ஓடுவது எதுவானாலும் எனக்குத் தெரியும் என்று குடும்பம் நம்புகிறது. கிரைண்டர் நின்றாலும் எனக்குத்தான் போன் வரும்.

கீழ்பென்னாத்தூரில் ஒரு காதுகுத்துக்காகக் குடும்பத்தோடு கிளம்பியபோது, 'இன்று கடை விடுமுறை' என்று ஓடவிட்டிருந்தேன். திரும்பி வந்த பிறகும் அதுவே ஓடிக்கொண்டிருந்தது. ஊர்க்காரர்கள் யாரும் போர்டைப் படிப்பதில்லை. அடுப்பு எரிகிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். பௌர்ணமிக்கு வருகிறவர்கள் அப்படியில்லை. வெளியூர்க்காரர்கள், படித்துத் தொலைப்பார்கள்.

பௌர்ணமி சாயங்காலம் லேப்டாப்போடு போனேன். போர்டுக்குப் பின்னால் இருப்பது பழைய காலத்து ஒன்பது ஊசி சாக்கெட். லேப்டாப்பில் அதெல்லாம் கிடையாது. நடுவில் ஒரு நீலக் கேபிள். ஒரு முனை யு.எஸ்.பி., மறு முனை ஒன்பது ஊசி. இரண்டுக்கும் சம்பந்தம் பேசி வைப்பது டிரைவர் என்கிற சின்ன மென்பொருள். கேபிளைச் செருகினேன். திரையில் மஞ்சள் முக்கோணம், அதற்குள் ஆச்சரியக்குறி. நடுவில் ஒரு நாள் லேப்டாப் 'அப்டேட் செய்யட்டுமா' என்று கேட்டிருந்தது. நானும் பெருந்தன்மையாகச் சரி என்றிருந்தேன். அது என்னடாவென்றால் பழைய டிரைவரைத் துரத்திவிட்டுப் புதியதைக் குடிவைத்திருக்கிறது. புதியதோ இந்தக் கேபிளை மதிக்கவே இல்லை.

"இன்னாடி ஆச்சி?" என்றாள் அக்கா.

"புது டிரைவருக்கு நம்ம கேபிள் ஆவலயாம். பேசாம போர்டை ஆப் பண்ணிடலாங்க்கா."

"வெளக்கு வெச்ச நேரத்துல, அதுவும் பௌர்ணமில, எரியறத அணைப்பாங்களா? வாய கழுவுடி."

"ஒரு சாக்காவது போட்டு மூடு."

"கடைக்கு மூஞ்சிய மூடுவாங்களா? நல்லா இருக்குது நீ சொல்றது."

போன் நெட்டை வைத்து டிரைவர் தேடினேன். ஒவ்வொரு தளத்திலும் பச்சைப் பச்சையாக டவுன்லோட் பட்டன்கள். ஒன்றை அழுத்தினால் லேப்டாப்பைச் சுத்தம் செய்கிறேன் என்றது. இன்னொன்று சீட்டாடக் கூப்பிட்டது. டிரைவரை மட்டும் யாரும் தரவில்லை. கடைசியில் எப்படியோ கிடைத்த ஒரு டிரைவரும் மஞ்சள் முக்கோணத்தை அசைக்கவில்லை. எனக்கு வந்த கோபத்தில் கேபிளைச் சட்னியில் முக்கியிருப்பேன்.

நிமிர்ந்து பார்த்தால் அக்கா ரோட்டில் நின்றிருந்தாள். "கட இருக்குதுங்க, வாங்க, இட்லி சூடா இருக்குதுங்க!" நடந்து வந்தவர்கள் அவளைப் பார்த்தார்கள், தலைக்கு மேலே போர்டைப் பார்த்தார்கள், போர்டை நம்பி நடந்தார்கள். உள்ளே அண்டா அண்டாவாக மாவு. மாதத்தில் அவளுக்குப் பெரிய வியாபாரம் என்று இருப்பதே இந்த ஒரு நாள்தான். அவள் குரல் கம்மிப்போய்விட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது, அதைவிட வெட்கமாக இருந்தது.

அப்போதுதான் அந்தக் கேபிளோடு ஒரு குட்டி சி.டி. வந்தது ஞாபகம் வந்தது. "யக்கா, அந்தச் சின்ன சி.டி. எங்க?"

"மாடில. வடாம் காய வெக்கிற எடத்துல கட்டி வுட்டிருக்கேன். அது ஆடுனா காக்கா வராது."

மாடிக்கு ஓடினேன். கொடிக்கயிற்றில் மினுக்கிக்கொண்டு தொங்கியது. ஓரத்தில் ஓட்டை போட்டு நூல் கோத்திருந்தாள்; பளபளக்கும் பக்கம் முழுக்கக் கீறல். கீறல் இல்லாவிட்டாலும் அதைப் போடுவதற்கு என் லேப்டாப்பில் இடம் ஏது? திருப்பினேன். வெயிலில் வெளுத்த எழுத்துப் பக்கத்தில், டிரைவரின் பதிப்பு எண் மட்டும் மங்கலாக மிச்சம் இருந்தது.

அந்த எண்ணைப் போட்டுத் தேடினேன். யாரோ ஒரு புண்ணியவான் அதே பழைய பதிப்பைப் பத்திரமாகப் போட்டு வைத்திருந்தான். இறக்கினேன், மறுபடி அப்டேட் ஆகிவிடாமல் நெட்டைத் துண்டித்தேன், புதியதைத் தூக்கிவிட்டுப் பழையதை உட்காரவைத்தேன். மஞ்சள் முக்கோணம் மறைந்தது. 'கடை திறந்திருக்கிறது, சூடான இட்லி' என்று அனுப்பினேன். போர்டு ஒரு தரம் கண் சிமிட்டிவிட்டு ஓட ஆரம்பித்தது.

கொஞ்ச நேரத்தில் பெஞ்சில் இடமில்லை. அக்கா இட்லித் தட்டும் கையுமாகச் சுற்றினாள், நான் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னால் ஓடினேன்.

வெறுங்காலோடு வந்த ஒரு பெரியவர் வாசலில் தயங்கி நின்றார். "கடை இருக்குங்களா?"

அவ்வளவு நேரம் ரோட்டில் நின்று கத்திய அக்கா, கரகரத்த குரலில் சொன்னாள்: "ஏங்க, அதான் மேல ஓடுதே, படிக்கலயா?"