காய்ச்சல் இல்லை

என் மாமிக்குக் காய்ச்சல் அடித்த காலையில், காய்ச்சல் இல்லை என்று போனில் பதிந்தவள் நான்தான். விரல் தவறிப் பட்டுவிடவில்லை. தெரிந்தே செய்தேன்.

இதை என் கணவரிடம் சொல்லவில்லை. என்னைப் பெற்ற உம்மாவிடமும் சொல்லவில்லை. முகம் தெரியாத உங்களிடம் சொல்கிறேன்... என்னை மன்னிக்கும் உரிமை உங்களுக்கு இல்லை. அதனால்தானோ என்னவோ உங்கள் முன்னால் வாய் திறக்க முடிகிறது.

மாமி என்றால் என் கணவர் ரியாஸின் தாய். காத்தான்குடியில் நானும் அவருமாக ஒரே வீட்டில் இருந்தோம். ரியாஸுக்குக் கத்தாரில் வேலை. மாமிக்கு மார்பில் கட்டி கண்டு, சத்திரசிகிச்சை முடிந்து, கீமோ மருந்து ஏற்றத் தொடங்கியபோது, புற்றுநோய்ப் பிரிவில் என் போனில் ஒரு செயலியைப் போட்டுத் தந்தார்கள். தினமும் காலையில் அது கேள்வி கேட்கும். காய்ச்சல் உண்டா? வாந்தி உண்டா? வாயில் புண் உண்டா? நோவு எவ்வளவு? பதில்களைத் தட்டி முடித்ததும் ஒரு முகம் தோன்றும். எல்லாம் நலமென்றால் பச்சையில் சிரிக்கும் முகம். கோளாறென்றால் சிவப்பு முகம். அது நேரே தாதிமாரின் திரைக்குப் போய்விடும். ரியாஸ் கேட்டுக்கொண்டதால் அவருடைய போனிலும் அந்த முகம் தெரியும்படி செய்திருந்தார்கள். தூரத்தில் இருக்கும் மகனுக்கு அது பெரிய ஆறுதல்.

மாமிக்கும் அந்தக் கேள்விகள் பிடிக்கும். முடி கொட்டிப்போன தலையில் முந்தானையை இழுத்துவிட்டு, கட்டிலில் சாய்ந்தபடி, ஒவ்வொன்றுக்கும் யோசித்துப் பதில் சொல்வார். நோவின் அளவைக் காட்ட வரிசையாகச் சில முகங்கள் வரும். ஒருநாள் அவற்றை உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"இதுல என்ட மூஞ்சி இல்ல மகள். எனக்கு நோகுது, ஆனா பசிக்கிது. அதுக்கும் ஒரு மூஞ்சி போடச் சொல்லுங்க."

அப்படிப்பட்ட மனுஷி அவர்.

இரண்டாம் முறை மருந்து ஏற்றிய பிறகு ஒருநாள் அவருக்குக் காய்ச்சல் வந்தது. பதிந்தேன். முகம் சிவந்தது. கையிலிருந்த போனைக் கீழே வைப்பதற்குள் தாதி அழைத்துவிட்டார்.

"தங்கச்சி, உடனே கூட்டிட்டு வாங்க. கீமோ ஏத்தினவங்களுக்குக் காய்ச்சல் எண்டா வீட்ட வெச்சிருக்கக் கூடாது. கிருமி ரத்தத்துல ஏறினா மணித்தியாலக் கணக்குத்தான்."

ஓட்டோ பிடித்துப் போனோம். எங்கள் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி அதிக தூரமில்லை. நேரத்தோடு வந்ததால் தப்பினார் என்றார் வைத்தியர். அந்தச் செயலி அவர் உயிரை ஒருமுறை காப்பாற்றியது. ஆகவே, தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை. எனக்குத் தெரியும்... எல்லாமே தெரியும்.

அதன் பிறகுதான் ஆசிரியர் நியமனத்துக்கான நேர்முகப் பரீட்சைக்கு என்னைத் திருகோணமலைக்கு அழைத்தார்கள். பட்டம் பெற்று, கல்யாணமாகி, சமையலறைக்குள்ளேயே காலம் போய்க்கொண்டிருந்த எனக்கு அது எவ்வளவு பெரிது என்று உங்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியுமா? வயதெல்லை நெருங்கிக்கொண்டிருந்தது. என்னைவிட மாமிக்குத்தான் அதிக சந்தோஷம்.

"போங்க மகள். டீச்சராகிட்டு வாங்க. நான் எங்கயும் ஓடிர மாட்டன்."

பக்கத்து வீட்டு ஜெசீமா ராத்தா பகல் முழுக்க வந்து இருப்பதாகச் சொன்னார்.

நேர்முகப் பரீட்சையன்று அதிகாலை சுபஹ் தொழுதுவிட்டு வந்து பார்த்தேன். மாமி போர்வைக்குள் சுருண்டு கிடந்தார்.

"குளிருது மகள்."

வெப்பமானியை வைத்தேன். நூற்றொன்று. நான் ஏற்கெனவே சாரி உடுத்திருந்தேன். சான்றிதழ்கள் பைக்குள் இருந்தன. கையில் போன். முதல் கேள்வியே காய்ச்சலைப் பற்றியதுதான்.

உண்டு என்று தட்டினால் தாதி அழைப்பார். வார்டில் நான் நிற்க வேண்டும். திருகோணமலை அவ்வளவுதான். ஜெசீமா ராத்தாவிடம் சொல்லி அவரைக் கூட்டிப் போகச் செய்திருக்கலாமே என்று கேட்பீர்கள். நானும் என்னைக் கேட்டிருக்கிறேன். அப்படிச் செய்திருந்தாலும் கத்தாரில் முகம் சிவந்திருக்கும். ரியாஸ் அழைத்து, நீங்க எங்க நிக்கிறீங்க என்று கேட்டிருப்பார். நோயாளியை அயலாரிடம் விட்டுவிட்டு பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கிறேன் என்று எந்த வாயால் சொல்வது? ஒரு கெட்ட மருமகளாகத் தெரிந்துவிடக் கூடாது... அதற்காகவே அதைவிடக் கெட்டவளானேன்.

இல்லை என்று தட்டினேன். பச்சை முகம் சிரித்தது.

இதோடு நின்றிருந்தால்கூட மாமி பிழைத்திருக்கலாம். போர்வைக்குள்ளிருந்து அவர் கேட்டார்:

"போனுக்குச் சொல்லிட்டீங்களா மகள்?"

"ஓம் மாமி, சொல்லிட்டன்."

"என்னவாம்?"

"பனடோல் ரெண்டு போட்டுட்டுப் படுக்கட்டாம். பயப்பட ஒண்டுமில்லயாம்."

அவர் மாத்திரையை விழுங்கினார். என் கையைப் பிடித்து, "அல்லாஹ் லேசாக்குவான், போய்ட்டு வாங்க" என்றார். அந்தக் கை கொதித்தது.

பஸ்ஸில் இருக்கும்போது ரியாஸின் குரல் செய்தி வந்தது. "உம்மாட முகம் பச்சையாத்தான் கிடக்கு. நீங்க யோசிக்காம நல்லாச் செய்ங்க."

நன்றாகத்தான் செய்தேன். கேட்டதற்கெல்லாம் தடுமாறாமல் பதில் சொன்னேன். திரும்பி வரும்போது எனக்குள் ஒரு சந்தோஷம் இருந்தது. அதையும் நான் மறைக்கக் கூடாது. காற்று முகத்தில் அடிக்க, நான் கரும்பலகைக்கு முன்னால் நிற்பதை நினைத்துப் பார்த்தபடி வந்தேன்! அந்த நேரத்தில் மாமியின் நினைவு மங்கிக் கொஞ்சம் தள்ளிப் போயிருந்தது.

பஸ் ஓட்டமாவடி வரும்போது ஜெசீமா ராத்தா அழைத்தார். "மாமி பேச்சில்லாமக் கிடக்கா. கண்ணத் திறக்கிறாவில்ல." உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னேன். நான் போய்ச் சேர்ந்தபோது அதிதீவிர சிகிச்சைப் பிரிவின் கதவு மூடியிருந்தது. அவர் மறுபடி என்னை "மகள்" என்று கூப்பிடவில்லை. மறுநாள் நண்பகல் ளுஹர் தொழுகைக்கு முன் மௌத்தானார்.

ரியாஸ் வந்து சேர்ந்தபோது மையவாடியில் மண் மூடி முடிந்திருந்தது. உம்மாவின் முகத்தை அவர் பார்க்கவில்லை.

தாதி என்னைத் தனியே அழைத்து ஆறுதல் சொன்னார். "காலையில காய்ச்சல் இருக்கல்லயே தங்கச்சி, நாங்களும் பார்த்தம். சில பேருக்கு இப்படித்தான், திடீரெண்டு ஏறிரும். நீங்க ஒருநாளும் பதியாம விட்டதில்ல. உங்களப் போல ஆரும் பார்த்திருக்க மாட்டாங்க."

அதற்கு நான் அழுதேன். நன்றியில் அழுகிறேன் என்று அவர் நினைத்திருப்பார்.

ஆனால் என்னை உடைத்தது ஜெசீமா ராத்தா சொன்னதுதான். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் கலைந்த பிறகு, அவர் என் அருகில் உட்கார்ந்து விம்மினார்.

"பகலைக்கே நடுங்கத் தொடங்கிட்டா பிள்ள. ஆஸ்பத்திரிக்குப் போவமா எண்டு ரெண்டு தரம் கேட்டன். 'வேணா, மகள் போனுக்குச் சொல்லிட்டா, அவங்க மருந்தும் சொல்லிட்டாங்க, மகள் வரட்டும்' எண்டா. நான் பலவந்தமாக் கூட்டிட்டுப் போயிருக்கணும். என்ட பிழதான்."

அவர் பிழை என்கிறார்! கேட்டுக்கொண்டிருந்தீர்களா? தன் பிழை என்று சொல்லி அந்த அப்பாவி என் தோளில் முகம் புதைத்து அழுகிறார்... நான் அவர் முதுகைத் தடவிக்கொடுத்தேன். "இல்ல ராத்தா, உங்கட பிழையில்ல" என்றேன். அதற்கு அடுத்த வார்த்தை என் நாக்கு நுனிவரை வந்தது. வெளியே வரவில்லை.

ரியாஸ் அந்தப் பச்சை முகத்தைத் தன் போனில் படமாக எடுத்து வைத்திருக்கிறார். "அண்டைக்குக் காலையிலயும் உம்மா நல்லா இருந்திருக்கா. கனக்க வேதனப்படாமப் போய்ட்டா" என்று கேட்பவர்களிடமெல்லாம் சொல்கிறார். உண்மையைச் சொன்னால் அவரிடம் மிஞ்சியிருக்கும் அந்தச் சிறு ஆறுதலையும் பறித்தவளாவேன். இப்படித்தான் என் மௌனத்துக்கு நியாயம் தேடுகிறேன். உண்மையில், அவர் என்னை எப்படிப் பார்ப்பார் என்ற பயம்தான் இன்றும் என் வாயைக் கட்டுகிறது.

நியமனம் கிடைத்தது. வாவிக்கரையோரம் ஒரு சிறிய பாடசாலையில் படிப்பிக்கிறேன். பிள்ளைகளுக்கு என்னைப் பிடிக்கும். அவர்கள் "டீச்சர்" என்று அழைக்கும்போது திரும்பிப் பார்த்துச் சிரிப்பேன்.

போன மாதம் அந்தத் தாதி அழைத்தார். புதிதாகச் சிகிச்சை தொடங்கும் நோயாளிகளின் வீட்டாருக்குச் செயலியைப் பற்றி நான் கொஞ்சம் பேச வேண்டுமாம். மறுக்கக் காரணம் கிடைக்கவில்லை. போனேன். சிறு காய்ச்சலையும் மறைக்காதீர்கள் என்றேன். குரல் உடைந்தது. சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

முடிந்ததும் பழுகாமத்திலிருந்து வந்த ஒரு பெண் என்னருகே வந்தார். தாய்க்கு நோய். வயல் வட்டையில் அறுவடை நடக்கிறது, வீட்டில் வேறு ஆளில்லை என்றார். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்:

"ஆத்திர அவசரத்துக்கு நீங்க ஒருநாளாவது போன்ல பதில மாத்திப் போட்டிருக்கீங்களா டீச்சர்?"

அவர் கண்கள் என் முகத்திலேயே இருந்தன. அவருக்கு என் உண்மை தேவைப்பட்டது. ஒருவேளை அது அவர் தாயைக் காப்பாற்றியிருக்கும்...

தாதி பக்கத்தில் நின்றார்.

"இல்லை" என்றேன்.