கை படாத இன்ஜின்

முதுநகரில் மூன்று ஷட்டர் வைத்த ஒர்க் ஷாப். அதன் தலைமேல் மாடி வீடு. வாசலில், மழைக்காலத்தில் தெரு முழுக்க ஏறி நடக்கிற சிமெண்ட் பாலம், அதுவும் நான் போட்டது. புயல் மூன்று தடவை என் தகரக் கூரையைப் பிடுங்கிக்கொண்டு போனது. நான்காம் தடவை பிடுங்க எதுவும் இல்லாதபடி கான்கிரீட் தளம் போட்டேன். கிரேன் இல்லாத நாளில் லாரி இன்ஜினைப் புளியமரக் கிளையில் சங்கிலி போட்டுத் தூக்கினேன். இரண்டு பெண்களைப் பட்டம் வாங்க வைத்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். தொழில் காட்டிய முதலாளி கோபம் வந்தால் ஃபேன் பெல்ட்டை எடுத்து விளாசுவார். முதுகில் இரண்டு கோடு இன்னும் இருக்கிறது. பெல்ட் என்றால் என்ன என்று முதலில் படித்தது என் தோல்.

இதற்கெல்லாம் ஊர் என் பேரைச் சொல்கிறது. ஒன்றுக்கு மட்டும் சொல்வதில்லை. என் மச்சான் காரின் டைமிங் பெல்ட்டை மாற்ற வேண்டிய நாள் எது என்று முடிவு செய்தவன் நான். அதற்கு ஒரு கை எலும்பைக் கொடுத்தேன். அதைத்தான் எழுதுகிறேன்.

என் மனைவிக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. செவ்வாய், வியாழன், சனி என்று வாரம் மூன்று நாள் சிதம்பரத்துக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டும். என்னிடம் ரெக்கவரி வேன் இருக்கிறது, நானே ஓட்டுவேன். ஆனால் அவள் என்னோடு வர மாட்டாள். எதிரே வருகிற பஸ்காரனையெல்லாம் நான் ஜன்னல் வழியாகத் திட்டுவேனாம், அவளுக்கு ரத்த அழுத்தம் ஏறுகிறதாம். அதனால் அவளுடைய தம்பி, அதாவது என் மச்சான், தன்னுடைய பழைய டீசல் காரில் கூட்டிப் போய்க் கூட்டி வருவான். அவள் பின் சீட்டில் சாய்ந்து உட்கார்ந்து போவாள்.

அந்தப் பின் சீட்டை நினைத்துத்தான் நான் பயந்தேன். காரணம் உண்டு.

இன்ஜினுக்குள் மேலே வால்வுகள் திறந்து மூடும். கீழேயிருந்து பிஸ்டன் அடித்து ஏறும். இரண்டும் ஒரே இடத்துக்கு மாறி மாறி வரும், ஒன்று வரும்போது மற்றது விலகியிருக்க வேண்டும். அந்த ஒழுங்கைப் பிடித்துவைப்பது பல் வைத்த ஒரு ரப்பர் பட்டை. அதுதான் டைமிங் பெல்ட். கிள்ளையில் படகு சவாரி போய்த் திரும்பிய ஒரு குடும்பத்தின் வண்டியில், புதுச்சத்திரம் தாண்டியதும் அது அறுந்தது. இன்ஜின் ஒரே உதறலில் நின்றது. பிரேக் கல்லாகிவிட்டது, ஸ்டியரிங் திரும்பவில்லை. நடு ரோட்டில் நின்ற வண்டியைப் பின்னாலிருந்து மணல் லாரி அடித்தது. வேனை எடுத்துக்கொண்டு போனவன் நான். பின் கதவு அப்பளம் மாதிரி மடிந்திருந்தது. கடப்பாறையை விட்டுப் பிளந்தேன். உள்ளே இருந்த அம்மா என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, சட்டை கிழிகிற வரைக்கும் கத்தினார். அவர் பிழைத்தார். அவருடைய வலது கால் பிழைக்கவில்லை.

மறுநாள் அந்த இன்ஜினைப் பிரித்தேன். வால்வுகள் சுத்தியலால் அடித்த ஆணி போல வளைந்து கிடந்தன. ஒன்று தலை முறிந்து பிஸ்டனைப் பொத்துக்கொண்டு இறங்கியிருந்தது. கொலை நடந்த வீட்டுக்குள் நுழைந்த மாதிரி இருந்தது எனக்கு.

மச்சான் தன் காரைப் பாண்டிச்சேரியில் பழசாக வாங்கியிருந்தான். ஒரு நாள் அவனைக் கேட்டேன்.

“மச்சான், டைமிங் பெல்ட் எப்ப மாத்துன?”

“மாத்தவே இல்ல மாமா. எதுக்கு? மீட்டரைப் பாருங்க, அறுபத்தெட்டாயிரம்தான் ஓடியிருக்குது.”

“உன் மீட்டர் அறுபத்தெட்டு சொல்லுது. உன் கிளட்ச் பெடல் ரப்பரு தேஞ்சு வழவழன்னு ஆயி ரெண்டு லட்சம்னு சொல்லுது. நான் யார் பேச்சைக் கேக்குறது?”

“முன்னாடி வச்சிருந்தவரு குண்டா இருந்திருப்பாரு மாமா. மிதி கொஞ்சம் ஜாஸ்தி.”

பேச்சில் அவனை ஜெயிக்க முடியாது. ஜன்னல் கண்ணாடி மூலையில் சின்ன எழுத்தில் வருஷம் அச்சடித்திருக்கும். மீட்டரைத் திருப்புகிறவனும் அதைத் திருப்ப மாட்டான். பார்த்தேன், வண்டிக்கு வயது பதினொன்று. கிலோமீட்டர் ஓடினாலும் ஓடாவிட்டாலும் ரப்பருக்கு வயசாகும். வண்டியோடு கொடுக்கிற புத்தகத்திலேயே அப்படித்தான் போட்டிருக்கிறது, என் பெண் படித்துக் காட்டினாள்.

அவன் பானெட்டைத் தூக்கி டார்ச் அடித்தான். “போல்ட்டைப் பாருங்க மாமா. கம்பெனி பெயிண்ட் அப்படியே இருக்குது. ஒரு ஸ்பேனர் பட்டதில்ல. கை படாத இன்ஜின். பண்ருட்டி புரோக்கர் இதைப் பார்த்துட்டுதான் மயங்கிக் கெடக்குறான். நீங்க பெல்ட் கவரைக் கழட்டுனா, இன்ஜின் பிரிச்ச வண்டின்னு மூஞ்சத் திருப்பிக்குவான்.”

எங்கள் பக்கத்துப் பழைய கார் வியாபாரமே இந்த ஒரு பேச்சில்தான் ஓடுகிறது. பெயிண்ட் கீறாத போல்ட்டுக்கு இருக்கிற மரியாதை புது பெல்ட்டுக்குக் கிடையாது.

“அடேய், கை படலன்னா பெல்ட்டும் மாறலன்னு அர்த்தம். பொறந்தப்ப போட்ட பெல்ட்டோட ஓட்டிக்கினு இருக்கிற.”

“தை பொறந்ததும் வித்துடுவேன். வாங்குறவன் மாத்திக்கட்டும்.”

“விக்கிற வரைக்கும் பின் சீட்டுல யாருடா குந்தியிருக்கிறது?”

அவன் பானெட்டை இறக்கி மூடினான். என் மனைவிதான் மாடியிலிருந்து குரல் கொடுத்தாள். “ஏங்க, அவன் வண்டிய வுடுங்க. திட்டாம கூட்டிக்கினு போற ஆளு அவன் ஒருத்தன்தான்.”

தை பிறந்தது. புரோக்கர் பங்குனி என்றான். செவ்வாய், வியாழன், சனி என்று அவள் போய் வந்துகொண்டே இருந்தாள். அவர்கள் ஆலப்பாக்கம் தாண்டியிருப்பார்கள், புதுச்சத்திரம் தாண்டியிருப்பார்கள் என்று ஒர்க் ஷாப்பில் கடிகாரத்தைப் பார்த்தபடி ஸ்பேனரை நழுவவிடுவேன். ஒரு சனிக்கிழமை வண்டி வாசலில் வந்து நின்றபோது, கவருக்குள்ளிருந்து பூனை முனகுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. மச்சான் பாட்டைச் சத்தமாக வைத்து ஓட்டுகிறவன், அவனுக்குக் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது. பெல்ட்டை இழுத்துப் பிடிக்கிற பேரிங் காய்ந்துவிட்டது. இனி ஒரு செவ்வாய்க்கிழமை கிடையாது என்று அப்போதே முடிவு செய்தேன்.

மறுநாள் ஞாயிறு. மச்சான் கறிச்சோறு சாப்பிட வந்தான், சாவியை மேஜைமேல் போட்டுவிட்டு மாடியில் உட்கார்ந்தான். நான் வண்டியை ஷெட்டுக்குள் விட்டு, ஜாக்கி ஏற்றி, முன் சக்கரத்தைக் கழற்றினேன். கவரின் போல்ட்டில் ஸ்பேனரைப் போட்டதும் பதினோரு வருஷப் பெயிண்ட் சில்லுச் சில்லாகத் தெறித்தது. எனக்கு அது சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். இன்ஜினைக் கையால் சுற்றி, பெல்ட் மாட்டும்போது ஒத்துப் பார்க்கிற மார்க்கை நேராக நிறுத்தினேன். கோபத்திலும் தொழில் தவறியதில்லை. பிறகு இரும்பறுக்கிற ஹாக்ஸா பிளேடை எடுத்தேன். பெல்ட்டை முறைப்படி கழற்றியிருந்தால் அவன் திருப்பி மாட்டச் சொல்வான். அறுத்துவிட்டால் பேச்சே இல்லை. இழுத்து இழுத்து அறுத்தேன். அறுந்த முனை துள்ளி என் கன்னத்தில் அடித்தது.

மச்சான் எலும்பைக் கடித்துக்கொண்டே இறங்கி வந்தான். பார்த்தான். எலும்பு கீழே விழுந்தது.

“என்னா பண்ணிட்ட நீ?”

இருபத்தாறு வருஷமாக ‘நீங்க’ என்று பேசியவன்.

“செவ்வாக்கெழமைக்கு முன்னாடி புதுசு போட்டுடுவேன். போய் கறியத் தின்னு.”

“கெழட்டுப் பய. ஊர்ல எல்லாத்தையும் நீதான் கட்டுன, நீதான் புடுங்குன, இதையும் நீதான் அறுக்கணுமா?”

சக்கரம் கழற்றிய வீல் ஸ்பேனர் தரையில் கிடந்தது. போட்டவன் நான்தான். அவன் அதை எடுத்து என் மண்டையைப் பார்த்து ஓங்கி அடித்தான். இடது கையைக் குறுக்கே கொடுத்தேன். எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது, காய்ந்த முருங்கைக்கொம்பு ஒடிவது போல. என் வலது கையில் பிளேடு இருந்தது. அதைத் தூர எறிந்துவிட்டுத்தான் அவன் வாயில் குத்தினேன். இதையும் யாராவது குறித்துக்கொள்ள வேண்டும். அவன் பம்பரின்மேல் சாய்ந்தான். முன்பல் ஒன்று முறிந்து உதட்டில் ஒட்டிக்கொண்டிருந்தது. துப்பிவிட்டு எழுந்தான். நான் முழங்காலால் அவன் வயிற்றில் இடித்தேன். அவன் என் முறிந்த கையையே பிடித்து முறுக்கினான். நான் போட்ட கூச்சலில் மேலே இருந்து என் மனைவி இறங்கி ஓடி வந்தாள்.

அவன் ஸ்பேனரை மறுபடி ஓங்கிவிட்டான். அவள் எங்கள் நடுவில் நுழைந்து கையை நீட்டினாள். எந்தக் கையை? டயாலிசிஸ் ஊசிக்காக ஆபரேஷன் செய்து, நரம்பு கயிறு மாதிரி புடைத்து நிற்கிற இடது கையை. அந்தக் கையில் ரத்த அழுத்தம்கூடப் பார்க்க மாட்டார்கள். வளையல் போடக்கூடாது, பை தூக்கக்கூடாது. தொட்டால் உள்ளே இன்ஜின் ஓடுவது போல அதிரும். அதில் ஒரு அடி விழுந்தால் ரத்தம் சுவர் வரைக்கும் அடிக்கும் என்று நர்ஸ் சொல்லியிருக்கிறார். ஸ்பேனர் அந்த நரம்புக்கு ஒரு சாண் மேலே நின்றது.

“அடி,” என்றாள் அவள் தம்பியிடம். “ரெண்டு பேருக்கும் அதுதான வேணும்? அடிச்சிட்டு அப்புறமா பெல்ட்டைப் பத்திப் பேசுங்க.”

ஸ்பேனர் தரையில் விழுந்தது.

நான் உட்கார்ந்தபடி, ஒற்றைக் கையால் பெல்ட்டைத் தூக்கிப் பின்பக்கமாக வளைத்துக் காட்டினேன். பல்லின் அடியெல்லாம் வெடிப்பு. நகத்தால் கீறினேன், ஒரு பல் தானாகக் கழன்று வந்தது.

“பாருடா.”

“நீ அறுக்கும்போது பிச்சிக்கினது அது,” என்றான், வாயில் ரத்தத்தோடு.

எனக்குக் கட்டுப் போட்டார்கள், அவனுக்குத் தையல் போட்டார்கள். திங்கட்கிழமை அவன் வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு பண்ருட்டி ரோட்டில் வேறு ஒர்க் ஷாப்பில் விட்டான். பெல்ட், பேரிங், வாட்டர் பம்ப் மூன்றையும் அங்கே மாற்றினார்கள். செவ்வாய் மதியம் அவள் அதே பின் சீட்டில் சிதம்பரம் போனாள். புரோக்கர் வந்து போல்ட்டைப் பார்த்தான், மூஞ்சைத் திருப்பிக்கொண்டு போனான். வண்டி விற்கவில்லை. இன்றும் செவ்வாய், வியாழன், சனி ஓடுகிறது.

என் கை கோணலாகக் கூடிவிட்டது, நட்டை இறுக்க முடிவதில்லை. அது போகட்டும். போன மாதம் அவர்களோடு நானும் சிதம்பரம் போனேன், வாயைத் திறக்கக்கூடாது என்ற நிபந்தனையோடு. டயாலிசிஸ் அறைக்கு வெளியே காத்திருக்கிறவர்களிடம் மச்சான் கார் ஞானம் பேசிக்கொண்டிருந்தான்.

“பழைய வண்டின்னா டைமிங் பெல்ட்டுதாங்க முக்கியம். மீட்டரை நம்பக்கூடாது, வருஷத்தைப் பாக்கணும். நான் கரெக்ட் டயத்துல மாத்திட்டேன்.”

பக்கத்தில் இருந்த அம்மா என் மனைவியைப் பார்த்து, நல்ல தம்பி என்றார். அவள் சொன்னாள், “எல்லாம் அம்மன் காப்பாத்துனதுங்க.”

நான் நிபந்தனையைக் காப்பாற்றினேன். சத்தியமாக வாய் திறக்கவில்லை.

அதனால் இங்கே திறக்கிறேன். ஓடும்போது அறுந்திருந்தால் அதைப் பார்க்க ஆயிரம் பேர் கூடியிருப்பார்கள். அது நடக்காதபடி முன்னாலேயே நான் அறுத்ததற்குச் சாட்சி சொல்ல ஒருத்தர் இல்லை. அம்மனுக்கு உரியதை அம்மனுக்குச் செய்யுங்கள், நானும் கூடவே வந்து கும்பிடுகிறேன். ஆனால் பிளேடு பிடித்தது என் கை. மச்சான் வண்டியின் பானெட்டைத் தூக்கினால், உள்ளே அந்தப் பண்ருட்டி ரோட்டு ஒர்க் ஷாப் ஒட்டிய ஸ்டிக்கர் இருக்கிறது. பெல்ட் மாற்றிய தேதி, கிலோமீட்டர், அவர்கள் பெயர். அதன் கீழே இடம் காலியாக இருக்கிறது, பார்த்துவிட்டேன். அங்கே என் பெயரை எழுது மச்சான். பழைய பெல்ட்டை அறுத்தவர் என்று போட்டு எழுது. அழியாத பேனாவில், உன் கையால், உன் அக்கா பார்க்க எழுது.