ஒளித்துவைத்த சப்பாத்து

போன கிழமை வோபர்னில் ஒரு கடையில் கறுவா வாசம் போட்ட மெழுகுதிரிப் போத்தலைத் திறந்து மணந்தேன். மணம் ஏறியதும் கால் குளிர்ந்தது. சிரிக்காதீர்கள், எனக்கு மூக்குக்கும் காலுக்கும் அப்படி ஒரு தொடுப்பு இருக்கிறது.

ஊரில் போர் முடிந்த வருடம் ஸ்காபரோவில் ஒரு தொழிற்சாலையில் இதே கறுவா மெழுகுதிரிகளைப் பெட்டியில் அடுக்கும் வேலை எனக்கு. மார்கழி வந்தால் ரேடியோவில் நாள் முழுக்க நத்தார்ப் பாட்டுத்தான், கிறிஸ்மஸ் மணியோசையோடு. அதில் பழையது ஒன்று: விருந்துக்கு வந்த பெண் வீட்டுக்குப் போகவேண்டும் என்று பாடுவாள். ஆண் அவளுடைய சப்பாத்தை ஒளித்துவைத்துவிட்டு, இன்னும் கொஞ்சம் இரு என்று பாடுவான். முடிவில் இருவரும் சிரிப்பார்கள். நானும் கூடவே முணுமுணுப்பேன். என் ஆங்கிலத்தில் பாதி அந்த ரேடியோ தந்தது.

பக்கத்தில் நின்று அடுக்கியவள் றெஜினா, மன்னார்ப் பிள்ளை. தாயும் தம்பியும் அப்போது முட்கம்பி முகாமுக்குள். அவர்களைக் கனடாவுக்கு எடுப்பிக்க அவளுக்கு அந்த வேலை வேண்டும். சுப்பர்வைசருக்கும் அது தெரியும்.

நத்தாருக்கு முதல்நாள் மத்தியானத்தோடு வேலை முடிந்தது. வாசலில் சப்பாத்து வைக்கும் தட்டில் றெஜினாவின் பனிச் சப்பாத்தைக் காணவில்லை. சுப்பர்வைசர் கைகளை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு அந்தப் பாட்டைப் பாடினான். தன்னுடைய காரில் வந்தால்தான் தருவானாம். எல்லோரும் சிரித்தார்கள்.

“நோ,” என்றாள் றெஜினா. திரும்பவும், “நோ.”

அவன் என் பக்கம் திரும்பி, அவள் என்ன சொல்கிறாள் என்று கேட்டான்.

“அக்கா, உந்தப் பகிடி எனக்கு வேண்டாமெண்டு வடிவாச் சொல்லுங்கோ. உந்தாளின்ர காரில நான் ஏறமாட்டன்.”

எனக்கும் அந்த வேலை வேண்டும். “ஷி இஸ் ஷை,” என்றேன். என்னுடைய கூச்சத்தை அவள் தலையில் கட்டிவிட்டுச் சிரிக்கவும் சிரித்தேன்.

“நீங்களுமோ அக்கா?” என்றாள்.

பிறகு போத்தல் சுற்றுகிற குமிழிப் பிளாஸ்ரிக்கை எடுத்து, உள்ளே போடும் செருப்புக்கு மேலால் இரண்டு காலிலும் சுற்றினாள். பெட்டி ஒட்டும் ரேப்பால் இறுக்கினாள். அப்படியே பஸ் தரிப்பிடம் வரைக்கும் பனிக்குள் நடந்தாள். கண்ணாடிக்குள்ளால் பார்த்துக்கொண்டு நின்றேன். என்னுடைய சப்பாத்து என் காலில் இருந்தது.

அவள் திரும்பி வேலைக்கு வரவில்லை. நான் எடுத்தபோதெல்லாம் தொலைபேசி அடித்து ஓய்ந்தது. தாயும் தம்பியும் வந்து சேர்ந்தார்களா என்று இன்றுவரை தெரியாது.

அந்தப் பாட்டை இப்போது அநேகமாக யாரும் போடுவதில்லை. கடைசியாக எங்கேயோ கேட்டபோது மகள், “அம்மா, அந்தப் பொம்பிளை கிளியரா நோ எண்டு சொல்லுறா. ஆருக்கும் விளங்கேல்லையா?” என்றாள். விளங்கினது பிள்ளை, எல்லோருக்கும் விளங்கினது.

தொழிற்சாலையும் இல்லை, அந்த இடத்தில் இப்போது களஞ்சிய அறைகள். நத்தார் முடிந்து நாங்கள் வேலைக்குத் திரும்பியபோது சுப்பர்வைசர் சப்பாத்தைத் தட்டில் கொண்டுவந்து வைத்திருந்தான். நாலு வருடம் அது அங்கேயே இருந்தது, உள்ளே மடித்த காலுறையோடு. தொழிற்சாலையை மூடிய அன்று யாரோ அதைத் தூக்கிக் குப்பைப் பைக்குள் போட்டார்கள். போடமுன் ஆருடையது என்று கேட்டார்கள். நான் குனிந்து என்னுடைய சப்பாத்தை மாட்டினேன்.