கதவு சார்

"மறுபடி வா" என்கிறார் கதவு சார், நிமிர்ந்துகூடப் பார்க்காமல். இறுதியாண்டு மாணவி மூன்றாவது முறையாக வெளியே போகிறாள், கதவைச் சாத்துகிறாள், தட்டுகிறாள். உள்ளே இருப்பது ஒரு மேசை, நான்கு நாற்காலி, எப்போதோ நின்றுபோன சுவர்க்கடிகாரம். ஆனால் அது இப்போது ஓர் அயல்நாட்டு வங்கியின் தலைமையகம். சார் அதன் துணைத்தலைவர். சாப்பாட்டு மணி அடித்ததும் பதவி பறிபோய்விடும்.

பல்கலைக்கழகத்தில் பன்னாட்டு நிதியியல் சொல்லிக்கொடுக்கிறவர் அவர். நாணய மதிப்பு ஏன் ஏறுகிறது, ஏன் இறங்குகிறது என்பதை நான்கு கோட்பாடுகளால் விளக்குவார். நான்கும் நேற்று நடந்ததை மட்டுமே விளக்கும் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுவார். அவருடைய உண்மையான ஆராய்ச்சி கதவில்தான். பத்தொன்பது வருடம் மாதிரி நேர்காணல் நடத்திக் கண்டடைந்த முடிவு: உள்ளே நுழைகிற தினுசிலேயே உத்தியோகம் எழுதியிருக்கிறது. இடித்துத் தள்ளிக்கொண்டு வருகிறவன் அந்நியச் செலாவணி வர்த்தகத்துக்கு. கைப்பிடியை இரண்டு தடவை ஆட்டிப் பார்க்கிறவள் இடர் மேலாண்மைக்கு. திறந்து கிடக்கிற கதவையும் தட்டிவிட்டு அனுமதிக்காக நிற்கிறவன் அரசாங்க வங்கிக்கு.

"சாத்தாமலே வர்றவன் சார்?" என்று ஒருவன் கேட்டான்.

"அவன் ஆலோசகர் ஆயிடுவான்டா. திறந்து விடறதோட அவன் வேலை முடிஞ்சுது. சாத்தறது அடுத்தவன் பாடு."

நேர்காணலுக்குப் போகிற மாணவர்கள் மாட்டிக்கொள்ள அலமாரியில் மெரூன் நிற டை ஒன்று தொங்குகிறது. முடிச்சுப் போட்ட புண்ணியவான் யாரோ. அவிழ்த்தால் திரும்பப் போட ஆளில்லை என்பதால் இத்தனை வருடமும் அதே முடிச்சு. நூற்று முப்பது தலைகள் அதற்குள் புகுந்து புறப்பட்டு, ஏழு நாடுகளில் சம்பளம் வாங்குகின்றன.

பழக்கம் வீடுவரை தொடர்ந்தது. தம் வீட்டுக் கதவையே அளவாக மூன்று தட்டுத் தட்டிவிட்டு நிற்பார்.

"சாவி உங்க பையிலதானே இருக்கு?" என்பார் மனைவி உள்ளிருந்து. திறந்ததும் அவர் நிற்கிற தோரணையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சரி, உங்களை வேலைக்கு எடுத்தாச்சு. வந்து வெங்காயம் நறுக்குங்க."

இந்த வருடம் அந்தப் படிப்பில் சேர்ந்தவர்கள் நான்கே பேர். இந்தப் பருவத்தோடு மூடுவதாகக் கடிதம் வந்துவிட்டது. சாருடைய ஒப்பந்தமும் அத்தோடு சரி. வயது நாற்பத்தொன்பது. மகள் இன்னும் பள்ளிக்கூடம் தாண்டவில்லை. மனைவிதான் விடாப்பிடியாக ஒரு வங்கியின் பயிற்சிப் பிரிவுக்கு விண்ணப்பம் போடவைத்தார்.

"ஊரையெல்லாம் கப்பலேத்தி விட்டீங்க. கரையில நின்னு கையாட்டினது போதும்."

"எனக்குக் கேள்வி கேட்டுத்தான்மா பழக்கம். எதிர்ப்பக்கம் உட்கார்ந்ததே இல்லையே."

"எதிர்ப்பக்கமும் நாற்காலிதாங்க. முள்ளா பரப்பி வச்சிருக்கான்?"

சென்ற வாரம் நேர்காணல். மெரூன் டையை மாட்டிக்கொண்டு போனார். பெயர் கூப்பிட்டதும் உள்ளங்கை வியர்த்தது. 'கை வேர்த்தா கைக்குட்டை; கால்சட்டையில துடைச்சே, தொலைச்சே' என்று நூற்று முப்பது பேருக்குச் சொன்னவர், கால்சட்டையில் துடைத்துக்கொண்டு விறுவிறுவென்று உள்ளே போய்விட்டார்.

நீள மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் அவருடைய பழைய மாணவி. கைப்பிடியை ஆட்டிப் பார்த்த அதே பெண். ஒரே பிற்பகலில் ஏழு முறை வெளியே அனுப்பப்பட்டவள், இன்று அந்த வங்கியின் இடர் மேலாண்மைக்குத் தலைவர். முதலில் டையைத்தான் அடையாளம் கண்டாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "உட்காருங்க சார்" என்றாள்.

சார் உட்காரவில்லை. முதுகுக்குப் பின்னால் கதவு சாத்தப்படாமல் ஆடிக்கொண்டிருக்கும் ஓசை அவர் காதில் விழுந்தது. தட்டவே இல்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது.

"ஒரு நிமிஷம்மா" என்று வெளியே போனார். கதவைச் சாத்தினார். கைக்குட்டையை எடுத்துக் கையைத் துடைத்தார். டையை நேராக்கிக்கொண்டு, அளவாக மூன்று தட்டுத் தட்டினார்.