டேப்பின் மறுமுனையில் நான்

ஞாயிற்றுக்கிழமை மீன் கடையில் நின்றிருந்தேன். வஞ்சிரத்தின் விலையைக் கேட்டுவிட்டுச் சங்கராவுக்கு இறங்கி வந்த நேரத்தில் மகள் போனில் அழைத்தாள். "அப்பா, ஸ்டெல்லா மேடம் தவறிட்டாங்க. தூக்கத்துலயே." காசு கொடுத்த மீனைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

பத்தாம் வகுப்பை இரண்டு தடவை எழுதியவன் நான். அஞ்சலி எழுத எனக்கென்ன தகுதி என்றால், மேடம் ஒரு பழைய வீட்டை அளந்தபோது டேப்பின் மறுமுனையைப் பிடித்தவன், அவ்வளவுதான்.

பாடியில் ஒரு தொழிற்சாலையின் டிராயிங் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் மேடம். திருமுல்லைவாயிலில் எங்கள் தெருவின் பெரிய வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டப் போகிறார்கள் என்று தெரிந்ததும், உரிமையாளர் பாஸ்கர் சாரிடம் போய் நின்றார். "இடிக்கிறதுக்குள்ள முழுசா அளந்து வரைஞ்சுக்கிறேன்." சாரும் சம்மதித்தார். படத்தைப் புதுக் கட்டடத்தில் மாட்டத் தர வேண்டும், அதுதான் பேச்சு.

அந்த வீட்டின் பின்பக்கப் போர்ஷனில்தான் நாங்கள் குடியிருந்தோம். தனியாளாக டேப்போடு நின்றவருக்கு உதவப் போய், முதல் நாளே வாங்கிக் கட்டிக்கொண்டேன். "குமார், டேப் தொங்குது பாருங்க. துணி காயப் போடப் போறீங்களா? இழுத்துப் பிடிங்க!"

தேக்கு உத்தரத்தின்மேல் செங்கலைக் குத்தவைத்து அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் கூரை அது. வருடக்கணக்காக அதன் கீழே குறட்டை விட்ட எனக்கு, அவர் கை நீட்டிய பிறகுதான் அண்ணாந்து பார்க்கத் தோன்றியது.

பின்கட்டில்தான் வம்பு வந்தது. அங்கே அழகான வளைவு ஒன்று. அதில் பாதியை மறைத்து ஒரு குளியலறைச் சுவர். கட்டிய மகாசிற்பி நானேதான்.

"இத்த உட்டுடுங்க மேடம். குடிச்சவன் கணக்கா நிக்குது."

"நிக்குதுல்ல? அப்ப அளக்கணும். பிடிங்க."

பென்சில் படத்தைப் பார்த்த பாஸ்கர் சார் முகம் சுளித்தார். "ஒரிஜினல் வீட்டை வரைங்க மேடம். இந்தத் தடுப்பெல்லாம் எதுக்கு, அசிங்கமா? இப்படித்தான்னா நாளையிலேர்ந்து வர வேணாம்."

முன்கூடம் இன்னும் அளக்கவே இல்லை. என் சுவரால் ஒரு வீட்டின் படமே அரைகுறையாகிவிடுமே என்று கடப்பாரையைத் தூக்கி வந்தேன். "நான் கட்னது மேடம், நானே தட்டிட்றேன்."

"கீழ போடுங்க குமார்!" மேடம் சத்தம் போட்டு அன்றுதான் கேட்டேன். "உங்க பொண்ணு இதுக்குப் பின்னால குளிச்சுத்தானே ஸ்கூலுக்குப் போனா? அவ இந்த வீட்டுல வளரலையா?"

பிறகு மொட்டைமாடிப் படத்தை பாஸ்கர் சார் முன்னால் விரித்தார். மூலையில் சின்னச் சின்னக் கட்டங்கள். "இது நீங்க சின்னப் பையனா இருந்தப்ப பலகை அடிச்ச புறாக்கூடு. ஒரிஜினல் வீட்டுல இதுவும் கிடையாது. குமார் சுவர் போனா இதுவும் போகணும். இந்தாங்க ரப்பர், நீங்களே அழிங்க."

சார் ரப்பரைக் கையில் உருட்டிக்கொண்டு புறாக்கூட்டையே பார்த்தார். கடைசியில், "அந்த ஓரத்துப் பெட்டி சாய்ஞ்சிருக்கும் மேடம். நேரா போட்டிருக்கீங்களே" என்றார்.

"அப்படியா? குமார், டேப்பை எடுங்க. மாடிக்குப் போவோம்."

மூன்று பேரும் போனோம். பெட்டி சாய்ந்துதான் இருந்தது.

இப்போது அந்த வீடு இல்லை. படம் மட்டும் அடுக்குமாடியில் லிப்ட் பக்கத்தில் மாட்டியிருக்கிறது. "குளியலறைச் சுவர், குமார் கட்டியது" என்று மேடத்தின் கையெழுத்தில் ஒரு குறிப்பும் அதில் உண்டு. தெரிந்தவர் யார் வந்தாலும் அங்கே கூட்டிப் போய், வளைவைக் காட்டுகிற சாக்கில் அதைக் காட்டிவிடுவேன். "போதும்பா, வாட்ச்மேன் சிரிக்கிறாரு" என்று மகள் கையைப் பிடித்து இழுப்பாள்.

கல்லறைத் தோட்டத்தில் பெட்டியை இறக்கக் கயிறு பிடிக்க ஆள் கூப்பிட்டார்கள். ஒரு முனையை நான் வாங்கிக்கொண்டேன். எதிர்முனையில் பாஸ்கர் சார். நிதானமாக இறக்கினோம்.

கயிறு தொங்கவில்லை மேடம். கடைசிவரை இழுத்துத்தான் பிடித்திருந்தேன். நிம்மதியாகப் போய் வாருங்கள்.